இரண்டாவது ஆள்

அந்த வருடம் சென்னையில் எல்லோரும் பழைய அரட்டை படித்துக்கொண்டிருந்தார்கள். மெட்ரோவில், பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காக நிற்கும்போது, இருபது வருடத்துக்கு முன்னால் தாங்கள் அனுப்பிய செய்திகளைத் தாங்களே வாசித்தார்கள். 'சாப்டியா' என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். 'ம்' என்று பதில் போயிருக்கிறது. கேட்டவர் இறந்து வெகுநாள் ஆகியிருக்கும். அந்த 'ம்'முக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்திருக்கலாமே என்று யோசித்தபடி, இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்காமல் கடைசி நிலையம் வரை போய்விட்ட ஒரு நடுவயதுக்காரரைப் பற்றிப் பத்திரிகையில் துணுக்கு வந்தது.

அந்தச் செய்திகள் அனுப்பப்பட்டபோது பூட்டிப் போனவை. அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறு யாருக்கும் புரியாத எண்களாக மாறி, கம்பியிலும் காற்றிலும் போனவை. போகிற வழியில் யார் யாரோ அவற்றைப் பூட்டோடு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். உளவு நிறுவனங்கள், கம்பெனிகள், பெயர் தெரியாத கூட்டங்கள். அப்போது அவர்களாலும் திறக்க முடியாது. என்றாவது திறக்கும் என்று எடுத்து வைத்தார்கள். குவாண்டம் கணினி முதிர்ந்த பிறகு அந்த நாள் வந்தது. முதலில் ரகசியமாகத் திறந்தார்கள். பிறகு விற்றார்கள். தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அரசாங்கமே மீட்பகம் என்று ஓர் அலுவலகம் திறந்து, அவரவர் செய்திகளை அவரவருக்குக் கொடுக்கத் தொடங்கியது. அரசாங்க வாசலில் கைரேகை கேட்டார்கள். பக்கத்துத் தெருவில் கேட்கவில்லை. ஒரு தொகுப்பு மீட்பகத்தில் வெளியான வாரத்திலேயே எவரும் எவருடைய தொலைபேசி எண்ணையும் தேடிப் பார்க்கும்படி அதன் நகல் சந்தைக்கு வந்துவிடும்.

முதல் சில மாதங்கள் ஊரே திருவிழா மாதிரி இருந்தது. செத்துப்போன அம்மாவின் குரல் செய்திகளை ஒலிபெருக்கியில் போட்டு அழுதார்கள். கல்லூரிக் குழுக்கள் மறுபடி கூடின. அதற்குப் பிறகுதான் குடும்பநல நீதிமன்றத்தில் உட்கார இடமில்லாமல் போனது.

ஹெப்சிபா தன்னுடைய பழைய செய்திகளைக் கேட்டு விண்ணப்பிக்கவில்லை. அவற்றை யாரும் பார்க்காமல் செய்ய வழி உண்டா என்று கேட்கத்தான் தரமணிக்குப் போனாள்.

மீட்பகத்தின் நான்காவது மாடியில் மெஹருன்னிசா வேலை பார்த்தாள். ஹெப்சிபா நிருபராக இருந்து ஓய்வுபெற்ற அதே பத்திரிகையில் மெஹரின் அப்பா தாஜுதீன் புகைப்படக்காரராக இருந்தவர். சின்னப் பெண்ணாக அலுவலகத்துக்கு வந்து, அச்சு மையின் வாடையில் தும்மிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதியவள் மெஹர்.

"அப்பா இப்போ இருந்து இதையெல்லாம் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பார் ஆன்ட்டி?"

"வெளிச்சம் சரியில்ல, இன்னொரு தடவை எடுக்கலாம்னு சொல்லியிருப்பார்."

மெஹர் சிரித்தாள். ஹெப்சிபா சிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல மெஹர். அந்தக் காலத்துல ஆபீஸ்ல எங்க எல்லாரையும் உக்கார வச்சு ஒரு பையன் வகுப்பு எடுத்தான். இந்தச் செயலியில அனுப்பினா சூரியன் அணையுற வரைக்கும் ஒருத்தனும் உடைக்க முடியாதுன்னான். அதை நம்பித்தான் ஆட்களை அதுல பேச வச்சேன்."

"அவன் பொய் சொல்லல. அன்னிக்கு இருந்த கணினியை வச்சு சொன்னான். பெரிய எண் ரெண்டைப் பெருக்குறது லேசு. பெருக்கி வந்ததைக் கையில குடுத்து, எந்த ரெண்டுன்னு கண்டுபிடின்னா கஷ்டம். அந்த மாதிரி ஒரு கஷ்டம்தான் பூட்டு. சூரியன் அணையுற கணக்கு அதுலதான் வந்தது."

"உங்க மெஷின் எல்லாச் சாவியையும் ஒரே நேரத்துல போட்டுப் பாக்குது. அதானே?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. நீங்ககூட ஒரு தடவை எழுதினீங்க, நான் படிச்சுத் தலையில அடிச்சுக்கிட்டேன்." மெஹர் மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தினாள். "குளத்துல ரெண்டு கல்லைப் போட்டா அலையும் அலையும் மோதும்ல? சில இடத்துல ஒண்ணையொண்ணு அமுக்கிடும். சில இடத்துல சேர்ந்து எழும்பும். நாங்க பண்றது அதான். தப்பான விடையெல்லாம் ஒண்ணையொண்ணு அமுக்கிக்கிற மாதிரி அலையை விடுவோம். சரியானது மட்டும் எழும்பி நிக்கும். சொல்றது சுலபம். அந்த அலை கலையாம பிடிச்சு வைக்கிறதுக்குத்தான் உலகமே இத்தனை வருஷம் உழைச்சது."

"இப்போ நான் உனக்கு அனுப்புறதெல்லாம்?"

"அதுக்கு வேற கணக்கு, வேற பூட்டு. இந்த மெஷின்கிட்ட அது பலிக்காது. இது வருதுன்னு தெரிஞ்சதுமே பேங்க், ஆஸ்பத்திரி, ராணுவம் எல்லாரும் மாறிட்டாங்க. புதுசுக்கெல்லாம் புதுப் பூட்டு. பழசுக்கு யார் போடுறது? அது நம்ம கையிலயா இருக்கு? எவனோ தூக்கிட்டுப் போய் வச்சிருக்கான்."

"என்னோட வருஷம் எப்போ?"

மெஹர் திரையைப் பார்க்காமலே சொன்னாள். ஏற்கெனவே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

"தென் மாவட்டத் தொகுப்பு தை மாசம் வருது. அதுல உங்க பேட்டரி கம்பெனி வருஷம் முழுசா இருக்கு."

"ஒரு ரெண்டு எண்ணை மட்டும் எடுத்துட்டு வெளியிட முடியாதா?"

"திறந்தாத்தான் ஆன்ட்டி எது யாருதுன்னே தெரியும். திறந்துட்டா அப்புறம் அது திறந்ததுதான்."

கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஆலடிக்கோட்டையில் அப்போது ஒரு கம்பெனி பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கியது. ஊரில் வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலை பார்த்தார்கள். ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கம்பெனியின் மருந்தகமே சோதித்துப் பார்த்து, முடிவுகளை மறைத்துவைத்திருந்தது. அந்த முடிவுகள் ஹெப்சிபாவுக்கு வந்தன. அவளுடைய பத்திரிகை ஆசிரியர் கண்டிப்பானவர். ஒருவர் சொன்னதை வைத்து ஒரு வரிகூடப் போட மாட்டார். முதல் ஆளை அறியாத இரண்டாவது ஆள் ஒருவர் அதையே சொல்ல வேண்டும், இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குக் கடைசிவரை தெரியக் கூடாது என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டப்படியே செய்தி வந்தது. கம்பெனி வழக்குப் போட்டது. யார் கொடுத்தது என்று நீதிமன்றம் கேட்டது. ஹெப்சிபா சொல்ல மறுத்து, சில வாரம் சிறையில் இருந்துவிட்டு வந்தாள். கம்பெனியோ, சுத்தம் செய்யச் சொல்லி அரசாங்கம் போட்ட உத்தரவுக்குக் கட்டுப்படாமல் ஒரே நாளில் கதவை மூடிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது.

ஆலடிக்கோட்டையில் பாதிப் பேர் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பிழைக்கப் போனார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது.

ஹெப்சிபா ரயிலுக்குப் பதிவு செய்தாள்.

*

கம்பெனி இருந்த நிலத்தில் இப்போது சூரியத் தகடுகள் வரிசையாக வானம் பார்த்துக் கிடந்தன. அடியில் ஆடுகள் மேய்ந்தன. பழைய கட்டடங்களில் வாசல் கதவும் சங்கு ஊதும் கோபுரமும் மட்டும் மிச்சம். ஆனால் ஊர் இன்னும் கம்பெனி நேரத்தில்தான் இருந்தது. தேநீர்க் கடையின் பெயர் 'ஏ ஷிஃப்ட்'. முடிதிருத்தும் நிலையத்தில், காக்கிச் சட்டை போட்ட ஆட்கள் மூன்று வரிசையாக நிற்கும் ஒரு படம் மாட்டியிருந்தது. அதில் நிற்கிற எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கோமதிநாயகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தார். கம்பெனி மருந்தகத்தில் பரிசோதகராக இருந்தவர். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஹெப்சிபாவைப் பார்த்ததும் எழுந்து வெளிக்கதவைச் சாத்தினார்.

"நீங்க வந்திருக்கீயன்னா நல்ல விசயம் இல்ல" என்றார். "உக்காருங்கம்மா."

அவள் மெஹர் சொன்னதைச் சொன்னாள். அவர் இடைமறிக்காமல் கேட்டார். குளத்து அலையைச் சொன்னபோது தலையாட்டினார்.

"அப்போ நான் உங்களுக்கு அனுப்புன ரிப்போர்ட்டு எல்லாம் வந்திரும்."

"வந்துரும். உங்க எண்ணோட."

"அன்னைக்கு நீங்கதானம்மா சொன்னிய, ஆண்டவனே வந்தாலும் திறக்க மாட்டான்னு."

"சொன்னேன்."

"ஆண்டவன் வரல. கம்ப்யூட்டர்ல்லா வந்திருக்கு." அவர் மேசையிலிருந்த ஊசிப் பொட்டலங்களை ஒழுங்குபடுத்தினார். "ஊரு தெரிஞ்சுக்கிட்டா தெரிஞ்சுக்கிட்டுப் போகுது. எனக்கும் வயசாச்சு. நாலு பேரு திட்டுவான், நாலு பேரு ரத்தம் எடுக்க வர மாட்டான். அது பரவால்ல. அத்தானுக்குத் தெரியக் கூடாது. அதான்."

அத்தான் என்று அவர் சொன்னது அக்கா உலகம்மாளின் கணவர் வெயிலுமுத்துவை. கம்பெனியில் உலை மேற்பார்வையாளராகவும் தொழிற்சங்கச் செயலாளராகவும் இருந்தவர். அவருக்கு ஒரே மகன், மகேந்திரன்.

"மகியோட ரத்தத்தைப் பாத்துட்டுத்தான் நான் உங்களைத் தேடி வந்தேன். அது உங்களுக்கே தெரியும். ஊருல இருந்த பிள்ளைகள்லயே அவனுக்குத்தான் அதிகம். உலைச் சட்டையோட அத்தான் வீட்டுக்கு வருவாரு, இவன் போயி மேல விழுவான். அத்தான்கிட்டச் சொன்னா மறுநாளே கம்பெனி வாசல்ல நின்னு கத்துவாரு, அவரத் தூக்கி உள்ள வச்சிருவான். அதனாலதான் சொல்லாம உங்ககிட்டக் குடுத்தேன். கம்பெனி சுத்தமாகும்னு நெனச்சேன். மூடுவான்னு நெனக்கல." ஊசிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "பத்தாவது எழுதிட்டு நின்னான். வீட்டுல அடுப்பு எரியல. திருப்பூரு சாயப்பட்டறைக்குப் போனான். அங்கன பாய்லர் வெடிச்சுச்சு."

ஹெப்சிபாவுக்கு அது தெரியும். அப்போது அவள் ஒரு மலர்வளையத்தைப் பெயரில்லாமல் அனுப்பியிருந்தாள்.

"கம்பெனி மூடின நாளைக்கு வருசா வருசம் எல்லாவனும் வாசல்ல கூடுவாங்கம்மா. திருப்பூர்ல இருந்தெல்லாம் வருவான். பழைய காக்கியைப் போட்டுக்கிட்டு, சேந்து சமைச்சு, பந்தி போட்டுச் சாப்பிடுவோம். எத்தனை டன் உருக்குனோம், எவன் எந்த உலையில எப்படி வழுக்கி விழுந்தான், அதே கதைதான். சிரிப்பா சிரிப்பான். அந்த விசத்தைத்தான் இப்படிப் பேசுதோம்னு ஒருத்தனுக்கும் தோணாது. எனக்கே தோணாது. அந்தச் சங்குச் சத்தத்தை நெனச்சா எனக்கும் ஒரு மாதிரி இருக்கும். சாப்பிட்டு முடிச்சதும் கடைசில எல்லாரும் வாசலுக்கு வந்து, காட்டிக்கொடுத்தவன் வெளங்காமப் போகணும்னு மண்ணை வாரித் தூத்துவோம். முதல் கை அத்தான்தான். செயலாளருல்லா. ரெண்டாவது கை நான்."

"நீங்களும் தூத்துவீங்களா?"

"தூத்தாட்டி சந்தேகம் வராதா? அங்கன எப்பவும் எதிர்க்காத்து. போடுற மண்ணெல்லாம் எம் மூஞ்சியிலதான் வந்து விழும்." சிரிக்கப் பார்த்தார். "கல்யாணம் ஆகல எனக்கு. அக்கா வீட்டுலதான் ரெண்டு நேரமும் சாப்பாடு. உன் மகனைக் கொன்னவன் நான்தான்னு தெரிஞ்ச பிறகு அந்த மனுசன் எதிர்ல எப்படிம்மா இலையில கை வைப்பேன்? சூரத்துல கூட்டாளி ஒருத்தன் லேப் வச்சிருக்கான். அங்க போயிருதேன். நாளைக்குக் காலைப் பஸ்ஸுக்கே."

"இன்னும் நாள் இருக்கே அண்ணாச்சி."

"இருந்தா அவரு மூஞ்சியைப் பாக்கணுமே."

அவள் எழுந்தாள். அந்தத் தெருவில் அவள் போக வேண்டிய வீடு இன்னொன்று இருந்தது.

*

வெயிலுமுத்து வீட்டில் இல்லை. உலகம்மாள், "தகட்டுக் காட்டுல ஆட்டோட நிக்காரு, போய்ப் பாருங்க" என்று வழி காட்டினாள். வந்திருப்பது யார் என்று அவள் கேட்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் கம்பெனிக் கதை கேட்க அவ்வப்போது வருவது வழக்கம்.

அவர் ஒரு தகட்டின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். உலை இரைச்சலில் ஒரு காது போய்விட்டது. அவள் நல்ல காதின் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"நிருபரம்மாவா? செத்துட்டியன்னு எவனோ சொன்னான்."

"சொன்னவன் எங்க பத்திரிகைக்காரனா இருப்பான்."

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. 

ஆசிரியர் கேட்ட இரண்டாவது ஆள் அவர்தான். உலைக் கசடை லாரி லாரியாகக் கொண்டுபோய் ஊர்க் குளத்தில் கொட்டியதைப் படம் எடுத்து அனுப்பியவர். கோமதிநாயகத்தின் முடிவுகள் வந்த அதே மாதத்தில், ஒரே வீட்டில் ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொருவர், முதல் ஆளை அறியாமலே அனுப்பிய படங்கள். ஹெப்சிபா அப்போது தன்னுடைய அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் ஆசிரியர் அறைக்கு ஓடியிருக்கிறாள். இப்போது நினைத்தால் அந்த ஓட்டத்தின் சந்தோஷம் மட்டும் தனியாக, யாருடையதோ மாதிரி நினைவுக்கு வந்தது.

"எம் பய வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு சுருண்டு படுப்பான்" என்றார் வெயிலுமுத்து. "எட்டாம் வாய்ப்பாடு காலையில சொல்லுவான், சாயங்காலம் மறந்திரும். எனக்கு எந்த டாக்டரும் சொல்லல. நானாப் புரிஞ்சுக்கிட்டேன். சங்கத்துல பேசுனா வேலை முக்கியமா வயிறு முக்கியமான்னு அடிச்சுக்கிடுவாங்க. அதான் படம் எடுத்தேன். அவனைக் காப்பாத்தத்தான் எடுத்தேன் நிருபரம்மா. அதுவே அவனைக் கொண்டுபோயிட்டு."

"அண்ணிகிட்டச் சொன்னதே இல்லையா?"

"இல்ல. அவளுக்குத் தெரிஞ்சாக்கூட அழுது தீத்துருவா. மாப்ளைக்குத் தெரியக் கூடாது. கோமதியைத்தான் சொல்லுதேன். அவனுக்கு அப்போ கடம்பூர்ல பொண்ணு பேசி முடிச்சிருந்தோம். தட்டு மாத்தியாச்சு. கம்பெனி மூடின மறுவாரம் அவங்க மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் அவன் கல்யாணப் பேச்சே எடுக்க விடல. தெனமும் எதிர்ல உக்காந்து சாப்பிடுதான், ஒத்தை ஆளா. ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு நெஞ்சுல நிக்கும். இன்னொரு அப்பளம் வையி அவனுக்குன்னு உலகம்மாகிட்டச் சொல்லுவேன். வேற என்ன சொல்ல?"

ஹெப்சிபா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? உங்க பேரை ஒரே ஒரு ஆள்கிட்ட மட்டும் சொல்ல என்னை விடுவீங்களா?"

"யார்கிட்ட?"

"அதைச் சொல்ல முடியாது."

"ஏன் முடியாது?"

"சொன்னா இன்னொருத்தருக்குக் குடுத்த வாக்குத் தப்பும்."

அவர் எழுந்து துண்டை உதறினார். "ஜெயிலுக்குப் போயும் வாயைத் திறக்காத பொம்பளன்னு ஒரு மதிப்பு வச்சிருக்கேன். அதைக் கெடுத்துக்கிடாதீங்க. தையிலதான வருது? அதுவரைக்கும் அவன் எங்கூட நிம்மதியாச் சாப்பிடட்டும்."

*

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் கோமதிநாயகம் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார். மதுரைப் பேருந்து வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஹெப்சிபாவும் அதே பேருந்துக்குத்தான் வந்திருந்தாள்.

"அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"சூரத்துல ஒரு மெஷின் பாக்கப் போறேன்னு. அத்தான் பஸ் ஏத்திவிட வாரேன்னாரு. வேண்டாம்னுட்டேன்."

இரவு முழுக்க அவள் விடுதியில் யோசித்திருந்தாள். தை வந்தால் தானாகத் தெரிந்துவிடும். ஆனால் அப்போது இவர் சூரத்தில் ஒரு வாடகை அறையில் இருப்பார். அத்தானை நினைத்துப் பயந்து தன் எண்ணைக்கூடத் தேட மாட்டார். வெயிலுமுத்து இங்கே தனியாக, ஓடிப்போன மாப்பிள்ளை தன்னை வெறுத்துத்தான் போனான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர் ஆயிரம் மைல் தள்ளித் தள்ளி உட்கார்ந்து அதையே நினைப்பார்கள். அவள் காப்பாற்றிய வாக்கு அந்த இடைவெளிக்கு நடுவில் சும்மா நிற்கும்.

நடத்துநர் விசில் ஊதினார். கோமதிநாயகம் பையை எடுத்தார்.

"அண்ணாச்சி. தையில அது வந்ததும் உங்க எண்ணைத் தேடாதீங்க."

"நான் ஏன் தேடுதேன்?"

"உங்க அத்தான் எண்ணைத் தேடுங்க."

அவருக்கு உடனே புரியவில்லை. முகத்தில் எரிச்சல்தான் முதலில் வந்தது. பிறகு பை மெதுவாகக் கீழே இறங்கியது.

"என்ன சொல்லுதிய?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அத்தானா?"

அவள் தன் பையை எடுத்தாள். நடத்துநர், "ஏறுறவங்க ஏறுங்க" என்றார்.

"வருசா வருசம் முதல் கை மண்ணு அவருதானம்மா போடுவாரு. வெளங்க மாட்டான், வெளங்க மாட்டான்னு தொண்டை கிழியச் சாபம் விடுவாரே. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே..."

"அவர் உங்களைத் திட்டல அண்ணாச்சி."

கோமதிநாயகம் நிலையத்து இருக்கையிலேயே திரும்ப உட்கார்ந்தார். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பேருந்து ஹெப்சிபாவுக்காக இன்னும் சிறிது நின்றது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நீதிபதி முன்னால் சொல்லாததை, எல்லோரும் கடலை தின்றுகொண்டிருந்த ஒரு பேருந்து நிலையத்தில் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பு மதுரை வரை அவளோடு வந்தது.

*

தை பிறந்து சில நாளில் மெஹர் கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"ஆன்ட்டி, நீங்க தப்பிச்சீங்க. தென் மாவட்டத் தொகுப்புல உங்க வருஷம் வரல."

"தள்ளி வச்சிருக்காங்களா?"

"இல்ல, இல்லவே இல்ல. பட்டியல்ல மட்டும்தான் இருந்துச்சு. அந்த மாசங்களை ஒரே ஒரு கம்பெனிதான் பிடிச்சு வச்சிருந்திருக்கு. கடற்கரைப் பக்கம் எங்கயோ ஒரு கிடங்குல, காந்த நாடாவுல. கரண்ட் பில்லைக் கட்டாம ஏசியை நிக்க விட்டுட்டாங்க போல. நாடா பூரா பூஞ்சை. நாங்களும் தொடச்சு, சுரண்டி, என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டோம். பூட்டை உடைக்க எங்ககிட்ட மெஷின் இருக்கு. பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்லன்னா எந்தக் குவாண்டமும் ஒண்ணும் செய்ய முடியாது. உங்க ஆளுங்க பேரு இனி யாருக்கும் தெரியாது."

ஹெப்சிபா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் எதுவும் வெளியே வந்திருக்காது. வாக்கு அப்படியே இருந்திருக்கும். கோமதிநாயகம் சூரத்தில் இருந்திருப்பார்.

அன்று மாலை அவள் கோமதிநாயகத்தை அழைத்தாள். எடுத்தவர் 'ஏ ஷிஃப்ட்' கடையில் இருந்தார். பின்னால் கண்ணாடிக் குவளைகளின் சத்தமும் யாரோ யாரையோ கேலி செய்யும் சத்தமும் கேட்டன. அவள் நாடா விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து கடைக்கு வெளியே வந்தது தெரிந்தது.

"அப்போ ஊருக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது. நான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேனோன்னு..."

"போங்கம்மா" என்றார். "அன்னைக்கு மத்தியானமே அத்தான் வீட்டுக்குத்தான் போனேன். இலை போட்டாச்சு. சாம்பாரை ஊத்துற நேரத்துல, கம்பெனியைக் காட்டிக்கொடுத்தது நான்தான் அத்தான்னு சொல்லிட்டேன். அவரு விசயத்தை நான் வாயால சொல்லல. அவரு என்னைப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. 'நீயுமா மாப்ளே'ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டு பேரும் கையை அப்படியே வச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம். சோறு காஞ்சு போச்சு."

"அக்கா?"

"அக்கா எங்க ரெண்டு பேரையும் வீட்டை விட்டுத் துரத்திட்டா. மகி படத்தைத் திருப்பி வச்சிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. அத்தான் ரெண்டு நாள் என் லேப்ல, ரத்தம் எடுக்குற கட்டில்ல படுத்துக் கெடந்தாரு. மூணாம் நாளு அவளே வந்து, சோறு ஆறுது, வாறியளா இல்லையான்னா. இப்பவும் சில நாள் பேச மாட்டா. சில நாள் மகி சின்னதுல பண்ணுன சேட்டையெல்லாம் சொல்லுவா. இத்தனை வருசமா எங்க வீட்டுல அவன் பேரை எடுத்ததே இல்லம்மா. இப்போ நாங்க மூணு பேரும் உக்காந்து அவனைப் பத்திப் பேசுதோம்."

 பேச்சின் தொனி மாறியது.

"ஒண்ணு கேக்கணும்னு அத்தான்தான் சொன்னாரு. உங்க ஆசிரியரு ரெண்டு பேரோட விட்டுட்டாரா? இல்ல, எங்க ரெண்டு பேரு தவிர..."

ஹெப்சிபா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆசிரியர் இரண்டு பேரோடு விடவில்லை. கசடு ஏற்றிய லாரியின் ஓட்டுநர் ஒருவர். சாம்பல் படிந்த இலைகளைப் பொட்டலம் கட்டி அனுப்பிய சமையல்கூடப் பெண் ஒருத்தி. இன்னும் ஒருவர். எல்லோரும் அந்த ஊரில்தான் இருந்தார்கள், தனித்தனியாக.

"அதைக் கேக்காதீங்க அண்ணாச்சி."

எதிர்முனையில் கடைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"சரி, கேக்கல" என்றார் கடைசியில், மெதுவாக. "இங்கன கடைக்குள்ள ஒரு இருவது பேரு உக்காந்திருக்கான். எல்லாம் பழைய கம்பெனி ஆளுங்க. நான் வெளிய நின்னு ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் வைத்த பிறகும் ஹெப்சிபா தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மெஹரை அழைத்தாள்.

"அந்த நாடாவுக்கு வேற பிரதி எங்கயாவது இருக்குமா?"

"இருக்காது ஆன்ட்டி, பயப்படாதீங்க. நிம்மதியா தூங்குங்க."

"பயந்து கேக்கல மெஹர்" என்றாள் ஹெப்சிபா. "நல்லா தேடிப் பாரும்மா."